ஆட்டம் தடுக்கும் ஸ்கோப்: ட்ரைபாட்டுக்கு மாற்று இல்லை, ஆனாலும் தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்டெபிலைசர், அதாவது கை ஆட்டத்தை ஈடுகட்டிப் படத்தை நிறுத்திவைக்கும் அமைப்பு, வைத்த ஸ்பாட்டிங் ஸ்கோப்புகளைப் (தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக்கண் தொலைநோக்கிகளை) பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இனி வேட்டைக்குப் போகிறவர்கள் ட்ரைபாட்டை (முக்காலியை) தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை, கையில் பிடித்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று அதில் எழுதியிருந்தது. அதற்குப் பதில் சொல்லி வந்த வாசகர் கடிதத்தில், இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொம்மை, பொறுமை உள்ளவனுக்கு இது எதுவும் வேண்டாம் என்று இருந்தது. இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. உரிமம் வாங்கி, விதிகளுக்கு உட்பட்டு வேட்டைக்குப் போகிறவன் நான். சாதாரண ஸ்கோப்பையும் ட்ரைபாட்டையும் பல வருடம் முதுகில் சுமந்திருக்கிறேன், ஸ்டெபிலைசர் உள்ளதையும் போதுமான அளவு பயன்படுத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: ட்ரைபாட்டை விரிக்க நேரமில்லாத அந்த அரை நிமிடத்தில் வேட்டைக்காரன் எதை எடுத்துப் பார்க்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் இந்தக் கருவியின் பயன் இருக்கிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒரு மலைச்சரிவைத் துழாவுவதற்கு ட்ரைபாட்டை விட்டால் வேறு வழியில்லை, அதை எந்த மின்னணுவும் மாற்றிவிடவில்லை. ஆனால் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அங்கேதான் பலர் தோளில் தொங்கும் துப்பாக்கியை எடுத்து, குறிபார்க்க அதன்மேல் பொருத்திய ஸ்கோப் வழியாகப் பார்க்கிறார்கள். அது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அசையாத கை என்று யாருக்கும் கிடையாது. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் நொடிக்கு 8 முதல் 12 முறை வரை மெல்லிய நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும், அதன்மேல் இதயத்துடிப்பு, மூச்சு, மேடேறி வந்த களைப்பு, காற்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். வெறும் கண்ணால் பார்க்கும்போது இதை நாம் உணர்வதில்லை. 30 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைக் கண்ணில் வைத்தால் அந்த நடுக்கமும் 30 மடங்கு ஆகிவிடுகிறது. கை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் போதும், கண்ணுக்குப் படம் 3 பாகை தள்ளிப்போகும், அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலத்துக்கு. கையில் பிடித்துப் பார்க்கும் சாதாரண பைனாகுலர்கள் பெரும்பாலும் 8, 10 மடங்கோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகத் தெரியுமே தவிர நுணுக்கம் கூடாது. 15, 20 மடங்கைக் கையில் பிடித்துப் பார்த்து, ஒன்றும் பிடிபடாமல், கருவி மோசம் என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவியில் ஒரு குறையும் இருக்காது.

சரி, வேட்டைக்காரனுக்கு எதற்கு இவ்வளவு நுணுக்கம்? மான் நிற்கிறது என்று தெரிந்தால் போதாதா? போதாது. பல இடங்களில் எந்த விலங்கைச் சுடலாம் என்பதையே கொம்பின் அளவும் வடிவமும் வைத்துத்தான் சட்டம் தீர்மானிக்கிறது. அலாஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பல பகுதிகளில் டால் ஆடு என்ற காட்டுச் செம்மறியின் கிடாயைச் சுட வேண்டுமானால் அதன் கொம்பு 360 பாகை முழுச் சுற்று சுற்றியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பு நுனியும் முறிந்திருக்க வேண்டும், அல்லது கிடாய்க்குக் குறைந்தது எட்டு வயது ஆகியிருக்க வேண்டும். அந்த வயதைத் தெரிந்துகொள்ளக் கொம்பில் உள்ள ஆண்டு வளையங்களைத்தான் எண்ண வேண்டும். மூஸ் என்ற பெரிய மான் என்றால் பல பகுதிகளில் கொம்பின் அகலம் 50 அங்குலம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நெற்றிப் பக்கத்துக் கிளைகள் ஏதாவது ஒரு பக்கத்தில் மூன்றோ நான்கோ, அந்தப் பகுதியின் விதிக்கு ஏற்றபடி, இருக்க வேண்டும். கொலராடோவில் பல இடங்களில் எல்க் என்ற மான் வகையின் காளையைச் சுட ஒரு கொம்பில் நான்கு கிளை வேண்டும், அல்லது ஐந்து அங்குல நெற்றிக் கிளை வேண்டும். இதையெல்லாம் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டு விசையை அழுத்த முடியாது. தவறாகச் சுட்டால் விலங்கு வீண், அபராதம் வேறு, உரிமமும் போகலாம். அதைவிட, இனப்பெருக்கத்துக்கு நிற்க வேண்டிய ஓர் இளம் கிடாய் மந்தையை விட்டுப் போய்விடுகிறது, அதை எந்த அபராதமும் ஈடுகட்டாது.

ஒரு கணக்கு பாருங்கள். நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருளைத்தான் தனித்தனியாகப் பிரித்தறிய முடியும். 30 மடங்கு கருவியில் பார்த்தால் அது சுமார் ஒரு சென்டிமீட்டராகக் குறைகிறது. கொம்பு வளையம் எண்ண அதுதான் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு படம் அசையாமல் நின்றால்தான் செல்லும். ஆடும் படத்தில் 30 மடங்கு என்பது காகிதத்தில் எழுதிய எண், அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தைத் தடுக்கும் முயற்சி ஒன்றும் புதிது இல்லை. ஸைஸ் நிறுவனம் 1990-இல் கொண்டுவந்த 20×60 (20 மடங்கு, 60 மில்லிமீட்டர் அகல லென்ஸ்) பைனாகுலரில் பேட்டரியே கிடையாது. உள்ளே ஒளியைத் திருப்பும் பிரிசங்களை (கண்ணாடிப் பட்டகங்களை) ஸ்பிரிங் தாங்கும் அமைப்பில் தொங்கவிட்டு, பொத்தானை அழுத்தியதும் அவை விடுபட்டுப் படத்தை நிறுத்திவைக்கும்படி செய்திருந்தார்கள். பிறகு 1995-இல் கேனான் 12×36 பைனாகுலரைக் கொண்டுவந்தது. அதில் சென்சார் கையின் அசைவை அளக்கும், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவம் நிரப்பிய ஒரு பிரிசம் அதற்கு எதிர்த்திசையில் சாய்ந்து கொடுக்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப் பக்கம் வந்தால் நிகான் தன் இடிஜி வரிசையில் 85 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஒன்றில் அதிர்வுக் குறைப்பைச் சேர்த்தது. சிக் சாவர் நிறுவனம் ஆஸ்கார் என்ற பெயரில் 10-20×30 அளவில் உள்ளங்கையில் அடங்கும் ஒன்றையும், 80 மில்லிமீட்டர் லென்ஸோடு பெரிய ஒன்றையும் கொண்டுவந்தது. அண்மையில் ஸ்வரோவ்ஸ்கி பேலன்ஸ் என்ற வரிசையில் 14-35×50, 18-45×65 என இரண்டு அளவுகளை விற்கிறது. ஆக, முப்பது வருடங்களுக்கு மேல் தேறி வந்த நுட்பம் இது. பொம்மை என்று சொன்ன வாசகர் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். ட்ரைபாட் வேண்டாம் என்று எழுதியவர் கடையில் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பத்து நிமிடத்துக்கு அது உண்மைதான், படம் அப்படியே நிற்கும், பார்க்கிறவருக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் மலையில் வேட்டை என்பது பெரும்பாலும் உட்கார்ந்து பார்ப்பதுதானே. விடிந்ததில் இருந்து வெயில் ஏறும்வரை ஒரே சரிவை ஒவ்வொரு புதராக, ஒவ்வொரு பாறை நிழலாகத் துழாவ வேண்டும். விலங்கு முழுசாக நின்று காட்சி தராது. ஒரு காது அசையும், கிளைகளுக்கு நடுவே முதுகின் கோடு ஒன்று படுக்கைவசமாகத் தெரியும், அவ்வளவுதான். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் நம் பார்வைவட்டம் ஓரிடத்தில் நிலையாக நிற்க வேண்டும், பார்த்து முடித்த இடத்தையும் பார்க்காத இடத்தையும் பிரித்து ஞாபகம் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கையில் பிடித்த கருவியில் இது நடக்காது. 80 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஸ்கோப் ஒன்றரை கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கிவிடும், தோள் இறங்கினால் பார்வைவட்டமும் இறங்கிவிடும். 60 மடங்கில் ஆயிரம் மீட்டர் தூரத்தில் தெரிகிற அகலமே பொதுவாக 20 மீட்டரை ஒட்டித்தான், ஒருமுறை கண்ணை எடுத்துவிட்டால் பார்த்துக்கொண்டிருந்த பாறையைத் திரும்பக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லவில்லை. ஸ்டெபிலைசர் வேகமான நடுக்கத்தை நன்றாகவே அடக்கும், ஆனால் மெல்ல மெல்லச் சாயும் அசைவை முழுவதும் அடக்காது. காரணம் எளிது. நீங்கள் வேண்டுமென்றே ஸ்கோப்பைத் திருப்புகிறீர்களா, கை சோர்ந்து சரிகிறதா என்று அதற்குத் தெரியாது. மெதுவான அசைவை எல்லாம் எதிர்த்தால் ஓடும் விலங்கைத் தொடரவே முடியாமல் போகும், அதனால் ஒரு எல்லைக்குமேல் விட்டுக்கொடுக்கும்படிதான் அதை அமைத்திருப்பார்கள். திருத்தக்கூடிய கோணமும் கருவிக்குக் கருவி மாறும். கேனானின் பல பைனாகுலர்களில் அது ஒரு பாகையை ஒட்டித்தான், ஃபுஜியின் டெக்னோ-ஸ்டாபி போன்றவற்றில் அதைவிடப் பல மடங்கு. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இது முக்கியமானது, விற்கிறவர்கள் தாமாகச் சொல்வதே இல்லை.

இதையெல்லாம் சொன்னதால் நான் இந்தக் கருவிக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எங்கே கைகொடுக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

நடந்துகொண்டே வேட்டையாடுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஒரு முகட்டைத் தாண்டித் தலையை நீட்டுகிறார், 600 மீட்டரில் ஏதோ அசைகிறது. முதுகுப்பையை இறக்கி, ட்ரைபாட்டை அவிழ்த்து, மூன்று காலையும் நீட்டி, ஸ்கோப்பை மாட்டி, குவியம் சரிசெய்து நிமிர்வதற்குள் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ போய்விடும், அதோடு இவ்வளவு அசைவையும் விலங்கு பார்த்துவிடும். அதனால் அனுபவசாலிகளும் பல சமயம் ட்ரைபாட்டை விரிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். பையில் இருக்கும் மிக நல்ல ஸ்கோப்பால் அந்த நேரத்தில் ஒரு பயனும் இல்லை. மார்பில் தொங்கும் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் ஸ்கோப்பையோ 14, 16 மடங்கு ஸ்டெபிலைசர் பைனாகுலரையோ எடுத்துக் கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்த ஐந்து விநாடி போதும். கொம்பு இருக்கிறதா, பெட்டையா, கூடக் குட்டி இருக்கிறதா, நெருங்கிப் போகலாமா வேண்டாமா என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிடும். வளையம் எண்ணும் அளவுக்குப் பார்க்க வேண்டும் என்றால் அப்புறம் மறைவாக உட்கார்ந்து ட்ரைபாட்டை விரித்துக்கொள்ளலாம்.

இப்போது துப்பாக்கி ஸ்கோப் விஷயத்துக்கு வருகிறேன், இதை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எதில் உட்கார்ந்தாலும் முதல் நாளே சொல்லித்தருவது, சுடத் தீர்மானிக்காத எதன்மேலும் குழலைத் திருப்பாதே, இலக்கு என்ன, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாமல் சுடாதே என்பது. துப்பாக்கி ஸ்கோப் வழியாக ஒன்றைப் பார்க்கிறோம் என்றால் குண்டு நிரப்பிய குழலை அதன்மேல் நீட்டியிருக்கிறோம் என்று பொருள். அங்கே அசைந்தது மானாகவும் இருக்கலாம், குனிந்து செருப்புவார் கட்டுகிற இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம், காளான் பறிக்க வந்த ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் அந்த மனிதரை நாம் குறிபார்த்து முடித்துவிட்டோம். விரல் விசையில் இல்லை, பாதுகாப்புப் பூட்டு போட்டிருக்கிறது என்றெல்லாம் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பதற்றத்தில், குளிரில் விறைத்த விரலோடு, விலங்கு கிடைத்துவிட்டது என்ற ஆசையில் இருக்கிற ஓர் ஆளிடம் இயந்திரப் பூட்டை நம்பி இன்னொருவர் உயிரை ஒப்படைக்கக் கூடாது. இது தப்பு என்று தெரியாதவர் யாரும் இல்லை, தெரிந்தும் ஏன் செய்கிறார்கள் என்றால் அந்த நேரத்தில் கைக்கு உடனே கிடைக்கிற, 10, 15 மடங்கு பெரிதாக்குகிற கண்ணாடி அது ஒன்றுதான். துப்பாக்கியைத் தோளில் அழுத்திப் பிடிப்பதால் அதில் படமும் கொஞ்சம் நிலையாக நிற்கும். அதே அளவுக்குப் பெரிதாக்கி, அதைவிட நிலையாக நிறுத்தி, அதே வேகத்தில் எடுக்கக்கூடிய இன்னொரு கருவி மார்பில் தொங்கினால் துப்பாக்கியை எடுக்கும் சபலமே வராது. ஸ்டெபிலைசருக்கு நான் ஆதரவு தருவதற்கு இந்த ஒரு காரணமே போதும். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம் படகு. அலாஸ்காவின் தென்கிழக்குக் கடற்கரையில் கருங்கரடி தேடுகிறவர்கள் படகில் போய்க்கொண்டே கரையைத் துழாவுவது வழக்கம். படகில் ட்ரைபாட் வைப்பதால் லாபமில்லை, என்ஜின் அதிர்வையும் அலையின் ஆட்டத்தையும் அது நேராக ஸ்கோப்புக்கு ஏற்றிவிடும். கையில் பிடித்தால் உடம்பு கொஞ்சம் அதிர்வை வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும். இங்கே அதற்குப் போட்டியே கிடையாது, திருத்தும் கோணம் பெரிதாக இருக்கிற கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மட்டும்தான். பலத்த காற்று அடிக்கும் மொட்டை முகட்டிலும் இப்படித்தான். எடை குறைந்த கார்பன் ட்ரைபாட் காற்றில் நடுங்கிக்கொண்டே இருக்கும், பையைக் கொக்கியில் தொங்கவிட்டாலும் நடுத்தண்டை முழுக்க இறக்கினாலும் 40 மடங்குக்கு மேல் படம் துடிக்கும். ஸ்டெபிலைசர் உள்ள ஸ்கோப்பை அந்த ட்ரைபாட்டிலேயே வைத்து, அதையும் ஓடவிட்டால் துடிப்பு அடங்குவதைப் பார்க்கலாம். ஆனால் எல்லாக் கருவியும் ட்ரைபாட்டின்மேல் ஒழுங்காக வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் அதற்கென்று தனி நிலை இருக்கும், சிலவற்றில் அணைத்துவிடச் சொல்வார்கள், கையேட்டைப் படித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வயதானவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், தடம் பார்ப்பதில், காற்றின் போக்கைக் கணிப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. கை நடுக்கம் கூடிப்போனதால் 10 மடங்கு பைனாகுலரைக்கூட அவரால் பிடிக்க முடியாமல் போய், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி என்று பின்னால் உட்கார ஆரம்பித்துவிட்டார். அவர் கையில் ஒருநாள் 14 மடங்கு ஸ்டெபிலைசர் பைனாகுலரைக் கொடுத்தோம். பொத்தானை அழுத்திவிட்டு நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை, பிறகு எங்கள் யார் கண்ணிலும் படாத ஒரு பெட்டை மானை, அதன் வயிற்றுக்கடியில் புல்லில் படுத்திருந்த குட்டியோடு சேர்த்துக் காட்டினார். அந்த மனிதரின் அனுபவத்தை மறுபடி எங்களுக்குக் கிடைக்கச் செய்த கருவியைப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. உடம்பு ஒத்துழைக்காத காரணத்தால் ஒதுங்கிப்போன எத்தனையோ பேருக்கு இது கைகொடுக்கும்.

எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெபிலைசர் வெளிச்சத்தைக் கூட்டாது. விலங்குகள் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும், அப்போதுதான் நம் கண்ணின் பாவை 5, 6 மில்லிமீட்டர் வரை விரிந்திருக்கும், வயதாக ஆகக் கொஞ்சம் குறையும். லென்ஸின் அகலத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 80 மில்லிமீட்டர் லென்ஸ் 20 மடங்கில் 4 மில்லிமீட்டர் தரும், பரவாயில்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸ் 35 மடங்கில் 1.4 தான் தரும். அந்தியில் அது மங்கலான சாம்பல் படம், எவ்வளவு அசையாமல் நின்றாலும் கொம்பின் கிளை தெரியாது. கையில் பிடிக்க வசதியாக இருக்க வேண்டும் என்று இந்த வகை ஸ்கோப்புகளில் பலவற்றை 30, 50, 65 மில்லிமீட்டர் லென்ஸோடு செய்கிறார்கள், அதனால் ஒளியை இழக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. மடங்கைக் குறைத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி, அப்படிக் குறைத்தால் ஒரு நல்ல பைனாகுலரைவிட அதிகமாக எதைப் பார்த்துவிட்டோம் என்ற கேள்வியும் வரும்.

கானலையும் அது அடக்காது. வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று கொதிப்பதுபோல அலையும், ஆட்டத்துக்குக் காரணம் அப்போது நம் கை இல்லை, இடையில் இருக்கும் காற்று. சென்சார் கருவியின் அசைவை மட்டுமே அளக்கிறது, காற்றின் அசைவு அதற்குத் தெரியாது. நண்பகலில் 60 மடங்கில் வைத்து, படம் நெளிகிறது, ஸ்டெபிலைசர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. 20, 25 மடங்குக்கு இறங்கிப் பார்க்க வேண்டும், அல்லது நிழல் விழும்வரை காத்திருக்க வேண்டும்.

பேட்டரியும் ஒரு கவலைதான். குளிர் கூடக்கூட சாதாரண அல்கலைன் பேட்டரியின் சக்தி வேகமாக இறங்கிவிடும், மலையில் பனிக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். ஏஏ அளவு பேட்டரி போடும் கருவியாக இருந்தால் லித்தியம் வகையைப் போடுங்கள், அவை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. உள்ளேயே சார்ஜ் ஆகும் வகை என்றால் பயன்படுத்தாத நேரத்தில் மேல்சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருப்பது நல்லது. பேட்டரி தீர்ந்தாலும் பெரும்பாலானவை சாதாரண ஸ்கோப்பாகவோ பைனாகுலராகவோ பார்க்க உதவும், ஆனால் 16 மடங்கை ஸ்டெபிலைசர் இல்லாமல் கையில் பிடித்து என்ன செய்ய? வெறும் கண்ணாடியும் உலோகமுமாக இருக்கும் நல்ல ஸ்கோப்பை அப்பாவிடம் இருந்து மகன் வாங்கிப் பயன்படுத்துகிறான். மின்னணு உள்ளதற்கு அந்த ஆயுள் இருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன், பழுதானால் அனுப்பிவைத்துக் காத்திருக்கவும் வேண்டும்.

அடர்ந்த காட்டில், மரத்தின்மேல் பரண் கட்டி நூறு மீட்டருக்குள் சுடுகிறவர்களுக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்பே வேண்டாம், ஸ்டெபிலைசர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 8 மடங்கு பைனாகுலர் போதும்.

என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஏற்கனவே நல்ல சாதாரண ஸ்கோப்பும் உறுதியான ட்ரைபாட்டும் வைத்திருந்தால் அதை விற்றுவிட்டு ஸ்டெபிலைசர் ஸ்கோப் வாங்காதீர்கள், அதனோடு ஒரு 12 முதல் 16 மடங்கு ஸ்டெபிலைசர் பைனாகுலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் களைப்பு குறைவு, விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்கவும் எளிது. இரண்டு கண்ணால் பார்ப்பதன் அருமை அரிசோனாவில் கூஸ் வெள்ளைவால் மானைத் தேடுகிறவர்களுக்குத் தெரியும், அவர்கள் 15×56 பைனாகுலரை ட்ரைபாட்டில் மாட்டிவைத்து மணிக்கணக்கில் பாலைச் சரிவுகளைப் பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர், அதிலும் நிறைய நடக்கிறவர், எடை முக்கியம் என்கிறவர், 65 மில்லிமீட்டர் அளவில் ஒரு ஸ்டெபிலைசர் ஸ்கோப்பை யோசிக்கலாம். அதற்கும் ஒரு சின்ன ட்ரைபாட் வேண்டும், ஆனால் பெரியதும் கனமானதும் தேவைப்படாது. கையில் பிடித்துப் பார்க்கத்தான் அதிகம் பயன்படுத்துவீர்கள் என்றால் நேராகப் பார்க்கும் வகையை எடுங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸ் வளைந்திருக்கும் வகை ட்ரைபாட்டில் உட்கார்ந்து பார்க்க மிக வசதி, கையில் பிடித்து ஓர் அசையும் விலங்கைக் கண்டுபிடிக்க மிகவும் சிரமம்.

இப்படிக் கருவிமேல் கருவி சேர்த்துக்கொண்டே போனால் வேட்டையில் நேர்மை எங்கே இருக்கும் என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். மதிக்க வேண்டிய கேள்வி. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் சேர்ந்து பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில் இருந்தே, விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற பேச்சு வேட்டைக்காரர்களுக்குள் இருந்துவருகிறது. நான் கோடு போடும் இடம் இதுதான்: துப்பாக்கியின் எட்டும் தூரத்தைக் கூட்டுகிற கருவி விலங்கின் வாய்ப்பைக் குறைக்கிறது, அதைப் பற்றி எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். பார்வையைத் தெளிவாக்குகிற கருவி தவறான விலங்கு சாவதைக் குறைக்கிறது. சுடக் கூடாததைச் சுடாமல் விட உதவும் கருவியை நேர்மைக்கு எதிரானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மின்னணுக் கருவிகள் குறித்த விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் போகும் பகுதியின் விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது கடமை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இதுபோன்ற கருவியைப் பற்றி எழுதும்போது கடைக்குள் நின்று பார்த்ததை எழுதாமல், எழுதுகிறவரை அந்தி நேரத்தில் வெளியே அனுப்புங்கள். மேடேறி மூச்சு வாங்கும்போது பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், காற்றடிக்கும் திடலில் ட்ரைபாட்டோடும் ட்ரைபாட் இல்லாமலும் பார்க்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் கழித்துத் தோள் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எடை, லென்ஸின் அகலம், திருத்தும் கோணம், என்ன பேட்டரி, குளிரில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் போடுங்கள். கூடவே, துப்பாக்கி ஸ்கோப்பைத் தொலைநோக்கியாகப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி கொட்டை எழுத்தில் வந்தால் நன்றாக இருக்கும். அதை நீங்கள் எத்தனை முறை வெளியிட்டாலும் நான் அலுக்காமல் படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்